தவழாத பையன் முதல் எழுபது தாண்டிய அப்பா வரை: வளர்ச்சி உளவியல் கேள்வி பதில்

ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு வளர்ச்சி உளவியல் நடத்துகிறேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். மருந்து, சிகிச்சை பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்கு நேரில் பார்க்கும் மருத்துவர்தான் வேண்டும்.

மேடம், என் பையனுக்கு 11 மாதம். தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு நகர்கிறான். பக்கத்து வீட்டுப் பாப்பா 10 மாதத்தில் நடந்துவிட்டது. வாக்கர் வாங்கச் சொல்லி வீட்டில் ஒரே பேச்சு.

முதலில் பக்கத்து வீட்டை மறந்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் ஒரு அளவீட்டை வெளியிட்டது. நம் நாட்டிலிருந்து டெல்லிக் குழந்தைகள் அதில் இருந்தார்கள். அதன்படி, பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. ஒன்பது மாதத்துக்கும் மேல் இடைவெளி! இதற்குள் எப்போது நடந்தாலும் இயல்புதான். கையும் முழங்காலும் ஊன்றித் தவழும் கட்டத்தையே தாண்டிப் போன குழந்தைகள் அந்த ஆய்வில் நூற்றுக்கு 4 பேர் இருந்தார்கள். உங்கள் பையனும் அந்தக் கட்சியாக இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்தவன் என்றால், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள்.

கவலைப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு: உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்துவது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, முன்பு செய்துகொண்டிருந்ததை விட்டுவிடுவது, 18 மாதம் ஆகியும் நடக்காதது. இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே டிஇஐசி (மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம்) என்ற பிரிவு இருக்கிறது.

வாக்கர் வேண்டவே வேண்டாம். நடக்கவும் உதவாது, விழுந்து அடிபடும் ஆபத்தும் உண்டு. கனடாவில் 2004இலேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். நம் பழைய மர நடைவண்டி வேறு வகை, நிற்கத் தெரிந்த குழந்தை தானே பிடித்துத் தள்ளுவது. நின்ற பிறகு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அதைக் கொடுக்கலாம்.

டெட் (ஆசிரியர் தகுதி) தேர்வுக்குப் படிக்கிறேன். பியாஜேயின் நான்கு நிலைகளையும் வயதோடு மனப்பாடம் செய்தால் போதுமா?

தேர்வுக்குப் போதும். பிள்ளைகளின் சிந்தனை நான்கு படிகளில் வளர்கிறது என்றவர் உளவியலாளர் பியாஜே: புலன் இயக்க நிலை 2 வயது வரை, செயலுக்கு முந்தைய நிலை 7 வரை, பருப்பொருள் நிலை 11 வரை, அதற்கு மேல் முறையான சிந்தனை நிலை. வகுப்பறைக்குள் போனால் இது போதாது.

பியாஜே இளைஞராக இருந்தபோது பாரிஸில் பிள்ளைகளின் அறிவுத்திறன் சோதனைகளைச் செம்மைப்படுத்தும் வேலை பார்த்தார். சரியான விடைகளை எண்ணுவதுதான் வேலை. அவர் கவனம் போனது தவறான விடைகள் மேல். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தவறு செய்தார்கள். அப்படியானால் அது அறிவுக் குறைவு இல்லை, அந்த வயதின் யோசிக்கும் விதம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும்.

அவருடைய பிரபலமான சோதனை ஒன்று. இரண்டு வரிசையில் சமமாகக் காசு வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பினால், 5 வயதுக் குழந்தை ‘நீளமா இருக்கிறதுலதான் அதிகம்’ என்று சொல்லும். 1974இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் இதையே சற்று மாற்றினார்கள். வரிசையைப் பெரியவர் கலைக்காமல், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்துவிட்டது போலக் காட்டினார்கள். சரியாகச் சொன்ன பிள்ளைகள் மளமளவென்று கூடிவிட்டார்கள். காரணம் யோசித்துப் பாருங்கள்: பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், விடையும் மாற வேண்டும் போல என்று குழந்தை எண்ணிக்கொள்கிறது. ‘நல்லா யோசிச்சுச் சொல்லு’ என்று நாம் இரண்டாம் முறை கேட்டதும், சரியாகச் சொன்ன பிள்ளையும் விடையை மாற்றுவதை வகுப்பில் நீங்களே பார்ப்பீர்கள்.

ஆக, பியாஜே சொன்ன நிலைகளின் வரிசை ஓரளவு நிற்கிறது; வயதுக் கணக்குதான் ஆட்டம் காண்கிறது. கண்ணிலிருந்து மறைந்த பொருள் இன்னும் இருக்கிறது என்ற புரிதல் 8 மாதம் வாக்கில் வருகிறது என்றார் பியாஜே. கை நீட்டித் தேடுகிறதா என்று பார்க்காமல் எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறது என்று அளந்த ரெனே பாயார்ஜான், அதன் அறிகுறி 4 மாதத்தை ஒட்டியே தெரிவதாக 1980களில் காட்டினார்.

அப்போ வைகோட்ஸ்கி? ஒரு வரியில் சொல்லுங்கள்.

பிள்ளை தனியாகச் செய்ய முடியாததைத் துணையோடு செய்ய முடிகிறதே, அந்த இடைவெளியில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும் என்றார் இந்த ரஷ்ய உளவியலாளர். அந்தத் துணைக்கு ‘சாரக்கட்டு’ என்பது அவர் கொடுத்த பெயர் என்று பல கைடுகளில் இருக்கிறது. அது 1976இல் வுட், புரூனர், ராஸ் எழுதிய கட்டுரையில் வந்தது. வைகோட்ஸ்கி 1934இலேயே காசநோயில் இறந்துவிட்டார், 37 வயதில்.

எட்டு மாதக் குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். கிளம்பும்போது கதறுகிறாள். பாசம் பாதிக்குமா அக்கா?

கதறுவதே பாசம் ஊன்றிவிட்டதற்கு அடையாளம்மா. நான்கு மாதத்தில் யார் தூக்கினாலும் போயிருப்பாள். இந்த வயதில்தான் ‘என் ஆள்’ யார் என்று தெரிகிறது. ஆள் மறைந்தாலும் எங்கோ இருக்கிறாள் என்பதும் புரிய ஆரம்பிக்கிறது.

உங்களைப் பயமுறுத்தும் கட்டுரைகளின் வேர் ஜான் பௌல்பி என்ற ஆங்கில மனநல மருத்துவர். 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அவர் எழுதிய அறிக்கை, தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றியது. போருக்குப் பின் விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் நீண்ட காலம் கிடந்த பிள்ளைகளின் நிலையை, காலை போய் மாலை திரும்பும் அம்மாவோடு ஒப்பிடக் கூடாது. பிறகு மேரி எய்ன்ஸ்வொர்த் உகாண்டாவில் கம்பாலாவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் 26 குடும்பங்களின் குழந்தைகளைக் கவனித்தார். அம்மாவின் நெருக்கத்தை நம்பித்தான் குழந்தை தைரியமாக அக்கம்பக்கம் தவழ்ந்து போய்ப் பார்க்கிறது என்பது அங்கே அவருக்குத் தெளிவானது. அமெரிக்காவில் பல நகரங்களில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றும், பிறர் பராமரிப்பு என்ற ஒன்று மட்டுமே பிணைப்பைக் கெடுப்பதில்லை என்று 1997இல் சொன்னது. குழந்தையின் குறிப்பறிந்து தாய் நடந்துகொள்வதுதான் அதிகம் எடை பெற்றது.

திருட்டுத்தனமாக நழுவாதீர்கள். டாட்டா சொல்லிவிட்டே கிளம்புங்கள். அழுதால் அழட்டும், பாட்டி இருக்கிறார்.

வயது 26. என்ன செய்வதென்றே தெரியாமல் இரண்டு வேலை மாறிவிட்டேன். உளவியலாளர் எரிக்சன் சொல்லும் அடையாள நெருக்கடி, அதாவது ‘நான் யார்’ என்ற தடுமாற்றம், 18 வயதில் முடிந்திருக்க வேண்டாமா?

தம்பி, எரிக்சன் கதையைக் கேளுங்கள். இருபதுகளில் ஓவியம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றியவர். வியன்னாவில் ஒரு சின்னப் பள்ளியில் பாடம் நடத்தப் போய், அங்கே சிக்மண்ட் ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்டிடம் உளப்பகுப்பாய்வு கற்றார். கல்லூரிப் பட்டமே கிடையாது. ‘எரிக்சன்’ என்பதே அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது அவர் வைத்துக்கொண்ட குடும்பப் பெயர். பிற்பாடு அகமதாபாத் வந்து, 1918 ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை மையமாக வைத்து காந்தியைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். முடிவைத் தள்ளிவைத்துத் தேடுவதற்கு ஒரு காலம் தேவை என்று சொன்னவரும் அவர்தான்.

உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல், 18 முதல் 25 வரையிலான தேடலைத் தனிப் பருவமாகவே முன்வைத்தார். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. 18 வயதில் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் பையனுக்கு அந்தப் பருவம் எங்கே இருக்கிறது? தேடுவதற்கு நேரம் கிடைப்பதே வசதியைப் பொறுத்தது. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, தேடுங்கள்.

செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவம் பாடியவர்கள் நாம். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவமும் உண்டு. மேல்நாட்டுச் சரக்கு எதற்கு?

பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் உற்றுக் கவனித்தவர்கள், மறுக்கவில்லை. ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டித் தலை தூக்கி ஆடும் 5 மாதக் குழந்தை, கை தட்டும் 9 மாதக் குழந்தை, ஓராண்டு வாக்கில் ‘வா வா’ என்று அழைக்கத் தளர்நடையிட்டு வரும் குழந்தை: வரிசை கச்சிதம். ஆனால் ஏன் அந்த வரிசை, தாமதமானால் என்ன செய்வது என்பதற்கு அங்கே பதில் இல்லை. பாட்டின் வேலையும் அது இல்லை. பேரிளம்பெண் கணக்கோ 40 வயதோடு நின்றுவிடுகிறது. அதை எழுதியவர்கள் ஆண்கள் என்பதை நினைவில் வையுங்கள். பியாஜேயும் ஃபிராய்டும் வளரிளம் பருவத்தோடு கடையைச் சாத்தியவர்கள்தான்.

அப்பாவுக்கு 71. போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொடுத்தால் மறுநாளே மறந்துவிடுகிறார். இந்த வயதுக்கு மேல் மண்டையில் ஏறாதா?

ஏறும், மெதுவாக. புதுச் சிக்கலை வேகமாகப் பிடிக்கும் திறன் ஒன்று, சேர்த்து வைத்த சொல்லும் அனுபவமும் இன்னொன்று என்று ரேமண்ட் கேட்டல், ஜான் ஹார்ன் என்ற உளவியலாளர்கள் பிரித்தார்கள். முன்னது சீக்கிரம் இறங்கத் தொடங்கும். பின்னது முதுமையிலும் வெகுநாள் தாங்கும். 1956இல் ஷாய் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு, 7 ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பச் சோதித்தது. 30 வயதுக்காரரையும் 70 வயதுக்காரரையும் ஒரே நாளில் ஒப்பிட்டால் பெரிய சரிவு தெரியும். ஆனால் அதில் ஒரு பங்கு பள்ளிப் படிப்பின் வித்தியாசம் போன்ற தலைமுறைக் கணக்கு. ஒரே ஆளைத் தொடர்ந்து பார்த்தால், பெரும்பாலான திறன்களில் கவனிக்கத்தக்க சரிவு 60க்குப் பிறகுதான்.

வயதாக ஆக இழப்பும் ஈட்டமும் சேர்ந்தே நடக்கும் என்ற உளவியலாளர் பால் பால்டெஸ், பியானோ கலைஞர் ரூபின்ஸ்டைனை உதாரணம் காட்டுவார். எண்பதிலும் அவர் கச்சேரி செய்ய முடிந்தது எப்படி? உருப்படிகளைக் குறைத்தார், அவற்றையே அதிகம் பயிற்சி செய்தார், வேகமான பகுதிக்கு முன்னால் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார்.

அப்பாவுக்கும் அப்படியே. ஒரே ஆப், அதிலும் பணம் அனுப்புவது மட்டும். படிகளை அவர் கையாலேயே தாளில் எழுதச் சொல்லுங்கள். போனைப் பிடுங்கி நீங்கள் தட்டாதீர்கள், அவர் விரல்தான் தட்ட வேண்டும். தினமும் உங்களுக்கு ஒரு ரூபாய் அனுப்பட்டும். ஆனால் பழகிய தெருவில் வழி தவறுகிறார், கேட்டதையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்கிறார் என்றால் அது வேறு விஷயம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.