செங்கோட்டை வீட்டிலும் காரிலும் ஹாம் ரேடியோ: என்ன செட் வைக்கலாம்?

வீடு செங்கோட்டை, வேலை புனலூர்; வீட்டிலும் காரிலும் ஹாம் ரேடியோவுக்கு (பொழுதுபோக்காக மற்றவர்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோ) என்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். லைசென்ஸ் கையில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் மலைதான் உங்களுக்குப் பெரிய விஷயம். 144–146 மெகாஹெர்ட்ஸ் அலை, அதாவது 2 மீட்டர் பேண்ட், ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. ஆரியங்காவு கணவாய்க்குள் கார் நுழைந்ததும் செங்கோட்டை சிக்னல் மங்கிவிடும். வாட்ஸை ஏற்றினாலும் பெரிய பலன் இராது. அதனால் வீட்டில் 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒரு டைபோல், அதாவது நடுவில் பிரித்த கம்பி ஆன்டெனா, கட்டுங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பி. சரிபாதியில் வெட்டி, அங்கே செட்டுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளை இணைக்க வேண்டும். டவரெல்லாம் வேண்டாம், இரண்டு தென்னைக்கு நடுவே 6 மீட்டர் உயரம் போதும். தாழ்வாக இருப்பதால்தான் அலை செங்குத்தாக மேலே போய், வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள அயனி மண்டலத்தில் திரும்பி, மலைக்கு இருபுறமும் இறங்குகிறது. பகலில் பெரும்பாலும் கொல்லமும் கிடைக்கும், மதுரையும் கிடைக்கும்.

காருக்கு 2 மீட்டர் செட், கூரை நடுவில் அரை மீட்டர் ஆன்டெனா. தென்காசி வட்டாரத்துக்குள் பேச அருமையாக இருக்கும். 50 வாட்ஸில் பேசினால் 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், சிகரெட் லைட்டர் சாக்கெட்டை நம்பாதீர்கள். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், பேட்டரி முனையை ஒட்டியே ஃபியூஸ்.

அப்புறம், ஐப்பசி இடி தொடங்கும் முன்பே வீட்டு கோஆக்ஸைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.