படிக்கட்டில் இருபது நிமிடம்

அன்புள்ள ஐயா,

சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். போலந்தில் கிராக்கோவிலும், பிலிப்பைன்ஸில் மணிலாவிலும், மெக்சிகோவில் குவாதலஹாராவிலும் எங்களுக்கு அலுவலகம் உண்டு. போன மாதம் எல்லா ஊர்க்காரர்களிடமும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். என் வேலை, என் ஊர், என் ஓய்வு என்று மூன்று தலைப்பு. வந்ததையெல்லாம் படித்தேன். கிராக்கோக்காரர் சாயங்காலம் வேலை முடிந்ததும் பிளான்டி பூங்காவில் மகளோடு நடக்கிறாராம். மணிலாப் பெண் இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குத் தோழிகளோடு கரோகே பாடுகிறாராம். குவாதலஹாராக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடாத சாலையில் சைக்கிள் விடுகிறாராம்.

நான் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். வேலை என்ற இடத்தில் ‘சீனியர் பிராசஸ் அசோசியேட்’ என்று எழுதினேன். லாரி பில் சரிபார்க்கிற வேலை, அதில் சொல்ல என்ன இருக்கிறது? ஊருக்கு மெரினா, இட்லி, ஃபில்டர் காபி. ஓய்வுக்குப் புத்தகம், மலையேற்றம். நான் மலை ஏறியதே இல்லை. உண்மையில் கேப் என்னை விடிகாலை மூன்று மணிக்குத் தாம்பரத்தில் இறக்கிவிடும். கதவைத் தட்டாமல் மாடிப்படியில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அதையா எழுத முடியும்? அவர்களுக்கு வாழத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை என்று தோன்றுகிறது. இதை எப்படித்தான் எழுதுவது? என் ஆங்கிலமும் சுமார். போட்டோ வேறு கேட்கிறார்கள்.

ச.

அன்புள்ள ச.,

போட்டோ எது கையில் இருக்கிறதோ அதைக் கொடுங்கள். ஆங்கிலம் போதும். மெரினாவையும் இட்லியையும் எடுத்துவிடுங்கள். தாம்பரத்தில் இருந்துகொண்டு ஆண்டுக்கு எத்தனை தடவை மெரினாவுக்குப் போகிறீர்கள்? மலையேற்றத்தை இன்றைக்கே அடித்துவிடுங்கள், அது பொய்.

எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். லாரி பில் சரிபார்க்கிற வேலை, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அங்கே. பதினோரு ஆண்டு ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்துச் செய்த வேலையைப் பற்றி ஒரு மனிதன் இப்படிப் பேசலாமா? அதனால்தான் உங்களுக்குத் தனியாக எழுதி, நேற்று ராத்திரி என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். நீங்கள் எட்டு வரியில் பதில் அனுப்பினீர்கள். அந்த எட்டு வரியை நான்கைந்து முறை படித்துவிட்டேன். வாசகர்களுக்காக அதை இங்கே சொல்கிறேன்.

டெக்சாஸில் லாரெடோ என்ற எல்லை ஊரில் சரக்கு ஏற்றிய லாரி, டல்லாஸில் ஒரு கிடங்குக்குப் போகிறது. வாசலுக்கு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெளியே விட்டார்கள் என்று சரக்கு ரசீதின் ஓரத்தில் யாரோ பேனாவால் கிறுக்கியிருப்பார்கள். முதல் இரண்டு மணி நேரக் காத்திருப்புக்குக் காசு கிடையாது, அது அந்தத் தொழிலின் வழக்கம். அதற்கு மேல் நிறுத்திவைத்தால் டிடென்ஷன் என்று தனியாகக் கட்ட வேண்டும். நேற்று உங்களிடம் வந்த ரசீதில் வெளியே விட்ட நேரம் 12.40 என்று தெளிவாக இருந்தது. உள்ளே வந்த நேரம் 7.10ஆ 9.10ஆ என்று தெரியவில்லை. 7 என்றால் மூன்றரை மணி நேரத்துக்குப் பணம். 9 என்றால் ஒன்றரை. தெளிவில்லை என்று பில்லைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், உங்களை யாரும் கேட்கப்போவதில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்? அதே கிடங்கிலிருந்து வந்த பழைய ரசீதுகளை எடுத்து, அதே கையெழுத்தைத் தேடிப் பிடித்து, அந்த ஆள் 7 போடும்போது நடுவில் ஒரு சின்னக் கோடு இழுப்பதைக் கண்டுபிடித்து, 7 என்று முடிவு செய்து அனுமதித்தீர்கள்.

இதில் சொல்ல ஒன்றுமில்லையா?

அமெரிக்காவில் லாரி ஓட்டுநருக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில்தான் கூலி. நிற்கிற வண்டிக்கு மைல் ஏறாது. அதோடு அங்கே சரக்கு லாரி ஓட்டுநர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பத்து மணி நேரம் ஓய்வெடுத்தபின் வேலையைத் தொடங்கினால், அதிலிருந்து 14 மணி நேரத்துக்குள்தான் வண்டி ஓட்டலாம், அதிலும் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். கிடங்கு வாசலில் சும்மா நிற்கிற நேரமும் பொதுவாக அந்த 14இல்தான் கழியும். ஐந்தரை மணி நேரம் ஒருவரை நிறுத்திவைத்தால் அன்றைய ஓட்டமே போச்சு. வீடு போய்ச் சேருவது மறுநாளுக்குத் தள்ளிப்போகலாம். டிடென்ஷன் பணத்தில் ஓட்டுநர் கைக்கு எவ்வளவு போகும் என்பது அவரவர் ஒப்பந்தம். ஆனால் அவர் காத்திருந்தார் என்பதை உலகத்தில் ஒருவர் கவனித்தார், அது சோழிங்கநல்லூரில் உட்கார்ந்திருக்கும் நீங்கள். ‘சீனியர் பிராசஸ் அசோசியேட்’ என்று எழுதினால் இதில் எது தெரியும்? அந்த 7ஐ எழுதுங்கள். நடுவில் இழுத்த கோட்டை எழுதுங்கள்.

என் அப்பா கோயம்புத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சைடராக இருந்தார். நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த 1930களுக்குப் பிறகு அந்த ஊரில் வரிசையாக எழுந்த மில்களில் ஒன்று. ரிங் ஃபிரேம் என்கிற நூற்பு இயந்திரத்தில், நூலை முறுக்கிச் சுற்றுகிற கதிர் 400 ஓடும். அங்கங்கே இழை அறும். சைடர் நடந்துகொண்டே இருந்து, அறுந்த இழையைப் பிடித்து ஒட்ட வேண்டும். காய்ந்தால் நூல் அறும் என்று உள்ளே ஈரக் காற்றை விடுவார்கள், அந்தப் புழுக்கத்தில் பஞ்சு பறந்து புருவத்தில் ஒட்டும். இரைச்சலில் அப்பாவுக்குக் காது பாதி போய்விட்டது, வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவார்.

ஒரு நாள் அம்மாவின் தையல் நூலை வைத்து எனக்கு அந்த வேலையைக் காட்டினார். அறுந்த நுனியை எடுத்து, உருளையிலிருந்து இறங்கி வரும் பஞ்சிழையின் மேல் லேசாக வைத்தால் போதும், சுற்றுகிற கதிரின் முறுக்கே மேலேறி இரண்டையும் சேர்த்துவிடும். நான் நுனிகளைச் சேர்த்து முடிச்சுப் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டார். “முடிச்சுப் போட்டா நூலு கெட்டுது கண்ணு. முறுக்குத்தான் புடிக்கோணும், நாம சும்மா பக்கத்துல கொண்டுபோயி உடறதுதான்.” வேலையைப் பற்றி இவ்வளவு சுத்தமாகப் பேசிய இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. வேலையைச் சொல்லப் படிப்பு வேண்டாம், மொழி வேண்டாம். செய்கிற கை எதைப் பார்க்கிறது என்று கவனித்தால் போதும்.

சரி, ஓய்வுக்கு வருகிறேன். ‘அவர்களுக்கு வாழத் தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தப் பேச்சை நான் இருபது ஆண்டாகக் கேட்டு வருகிறேன். வெளிநாடு போய் வந்த ஒவ்வொருவரும் இதைச் சொல்கிறார்கள். இது தவறு. தவறு என்று சொன்னால் போதாது, இது நம்மை நாமே மட்டம் தட்டிக்கொள்வது. அவர்கள் ரத்தத்தில் ஒன்றும் ஓடவில்லை. நேரம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தை யாரோ கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

உங்கள் கிராக்கோக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மதிலை இடித்த இடத்தில் ஊரைச் சுற்றிப் போட்ட பூங்கா பிளான்டி, சுற்றி வந்தால் சுமார் 4 கிலோமீட்டர். அழகான இடம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போலந்துச் சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேர வேலை. ஆண்டுக்கு 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு, பத்தாண்டு ஆகிவிட்டால் 26. பட்டம் படித்தவருக்குப் படிப்புக்கென்றே எட்டாண்டு அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். மகளோடு நடப்பதற்கு முன்னால் அவருக்கு இந்தச் சட்டம் இருக்கிறது. மெக்சிகோவில் ஓராண்டு வேலை செய்தவருக்கு 2022 வரை வெறும் 6 நாள்தான் விடுப்பு. 2023 ஜனவரியிலிருந்துதான் அது 12. ஒரே ஆண்டில் மெக்சிகோக்காரர்களுக்கு வாழத் தெரிந்துவிட்டதா என்ன? அவர் சைக்கிள் விடுகிற சாலையை 2004 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நகர நிர்வாகமே மூடித் தருகிறது.

மணிலாப் பெண் காலை ஏழு மணிக்குப் பாடுவதைப் படித்துப் பொறாமைப்பட்டிருக்கிறீர்கள். நியூயார்க்கில் காலை ஒன்பது அடித்தால் மணிலாவில் இரவு ஒன்பதோ பத்தோ. உங்களைப் போலத்தான் அவரும், அடுத்தவர் ஊர் பகலுக்காகத் தன் இரவைக் கொடுக்கிறார். பிலிப்பைன்ஸில் இரவு 10 முதல் காலை 6 வரை செய்யும் வேலைக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் கூலி என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. பாட்டு முடிந்ததும் வெயிலில் திரையை இழுத்துவிட்டுத்தானே தூங்கப் போகிறார்? அதை அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தாரா? எழுதியிருக்க மாட்டார். அவருக்கும் அதே மூன்று தலைப்புதான் கொடுத்தார்கள்.

நாம் கேட்கவில்லையா என்றால், கேட்டோம். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார், இந்தியாவிலேயே முதல் முறையாக. எட்டு மணி நேர வேலைக்காகப் பிறந்த நாள் அது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன, ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. அந்த ஆண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. இது உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது ச. உங்கள் கேப் ஓட்டுநரிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். நமக்கு வாழத் தெரியவில்லை என்று இனி எழுதாதீர்கள்.

அப்பாவுக்குப் பகல், அரை நைட், முழு நைட் என்று வாரம் மாறி வரும். அரை நைட் என்றால் ராத்திரி ஒரு மணிக்குச் சங்கு ஊதும். மில்லிலிருந்து வீட்டுக்குச் சைக்கிளில் கால் மணி நேரம். அப்பா இரண்டரைக்குத்தான் வருவார். அம்மா கதவைத் திறந்துவிட்டு ஒன்றும் பேசாமல் சோற்றை வைப்பாள். எங்கே போகிறார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு வேறு பயங்கள் இருந்தன.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் மாமாவோடு ஈரோட்டிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்தேன். வழியில் வண்டி நின்றுபோய், ஊர் வந்து இறங்கும்போது மணி ஒன்றரை தாண்டிவிட்டது. நடந்து வந்தோம். வாய்க்கால் பாலத்துக் கட்டைச் சுவரில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், சைக்கிள்கள் சாத்தியிருந்தன, தூக்குப்போசி ஹேண்டிலில் தொங்கியது. ஒருவர் பாடிக்கொண்டிருந்தார், மற்ற மூன்று பேரும் இருட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். நல்ல குரல். கிட்டே போனபோதுதான் அது அப்பா என்று தெரிந்தது. தலைமுடியெல்லாம் பஞ்சு. வீட்டில் அப்பா பாடி நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். பக்கத்திலிருந்தவர், “பையன்தானுங்க, பாடுங்க” என்றார். அப்பா எழுந்து சைக்கிளை எடுத்தார். வீடு வரை தள்ளிக்கொண்டே எங்களோடு நடந்து வந்தார். அந்தப் பாலத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவர் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது, எந்தப் பாட்டு என்றுகூட இன்றைக்கு எனக்குத் தெரியாது.

நீங்கள் எத்தனையாவது படியில் உட்காருவீர்கள்? போன் கையில் இருக்குமா, பையில் இருக்குமா? அந்த நேரத்தில் பால் வண்டி வந்துவிடுமா? உள்ளே யாராவது புரண்டு படுக்கிற சத்தம் கேட்குமா? இதையெல்லாம் எழுதுங்கள். அலுவலகத்துக்குக் கொடுக்க மனமில்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், இல்லை வீட்டில் காட்டுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருபது நிமிடமாக விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பார்கள்.