முட்டை இடுகின்றன, குஞ்சு பொரிக்கவில்லை: ஆண் வாத்தில்தான் குறையா?

மூன்று நாட்டு வாத்துகளும் நன்றாக முட்டையிடுகின்றன, ஆண் வாத்தும் கூடவே இருக்கிறது, ஆயினும் கோழியின் அடியில் அடை வைத்த முட்டைகள் எல்லாம் கூமுட்டையாகப் போயின என்றும், ஆண் மலடாக இருக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முட்டையிடுவதற்கு ஆண் தேவையே இல்லை, கருப்பிடிக்கத்தான் தேவை. ஐந்தாறு பெட்டைகளுக்கு ஓர் ஆண் போதும் என்பதால் உங்களிடம் எண்ணிக்கையில் குறையில்லை. ஆனால் அது ஆண்தானா என்று முதலில் பாருங்கள். வாலின் மேல் சுருண்டு நிற்கும் இறகு அடையாளம் என்றாலும் இறகு உதிரும் காலத்தில் அதுவும் விழுந்துவிடும். குரல் ஏமாற்றாது, உரக்கக் கத்துவது பெட்டை, தொண்டை கட்டியதுபோல் கரகரப்பது ஆண். மணிலா வாத்துக்கு மட்டும் இந்தச் சுருள் இறகே கிடையாது. மணிலா ஆணை நாட்டுப் பெட்டையோடு விட்டால் குஞ்சு கிடைக்கக்கூடும், ஆனால் அந்தக் குஞ்சுகள் வளர்ந்த பின் இனம் பெருக்காது. வாத்துகள் பெரும்பாலும் நீரில்தான் இணைசேர விரும்பும் என்பதால் குடிநீர்க் கிண்ணம் மட்டும் வைத்தால் போதாது. உடம்பு மிதக்கும் அளவுக்கு ஓர் அகன்ற அன்னக்கூடையாவது வேண்டும்.

அடுத்து, சமையலுக்கு உடைக்கும் முட்டையை உற்றுப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெண்புள்ளி இருக்கும். கருப்பிடிக்காததில் அது ஒழுங்கற்ற சிறு திட்டு. கருப்பிடித்ததில் வளையம் வரைந்ததுபோல் வட்டமாகத் தெரியும். நான்கைந்து முட்டைகளில் வளையம் தெரிந்தால் உங்கள் ஆண் நிரபராதி. புதிதாக ஆணைச் சேர்த்திருந்தால் ஒரு வாரம் பொறுத்தே அடைக்கு முட்டை எடுக்க வேண்டும். ஆணைப் பிரித்த பின்னும் ஏறத்தாழ ஒரு வாரம் கருப்பிடித்த முட்டை வரும்.

கொருக்குப்பேட்டையில் என் வீட்டிலும் இதே பழியை ஆண் வாத்துதான் சுமந்தது. சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ், சித்திரை வெயிலில், அடுப்புக்கு மேல் உள்ள பரணில் பதினைந்து நாள் முட்டை சேர்த்து ஒன்பதை அடை வைத்தேன். ஏழாம் இரவு கைப்பேசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, சிலந்திக் கால்களைப் போல் நரம்புகள் படர்ந்திருக்க வேண்டிய இடத்தில், ஐந்து முட்டைகளில் ஒரு சிவப்பு வளையம் மட்டுமே இருந்தது. கருப்பிடித்து, வளரத் தொடங்கி, செத்துவிட்டதன் அடையாளம் அது. வெப்பத்தில் கரு அடைக்கு முன்பே அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. பிறகு ஈர மணலில் புதைத்த மண்சட்டிக்குள் துணி விரித்து, ஒரு வாரத்துக்கு மிகாமல் சேர்த்து, மழைக்காலத்தில் வைத்ததில் ஒன்பதுக்கு ஆறு பொரித்தன.

எத்தனையாவது நாள் முட்டைகளை எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கோழிக்கு 21 நாள், நாட்டு வாத்துக்கு 28, மணிலாவுக்கு 35. பக்கத்து வீட்டு அக்கா கோழிக் கணக்கை நம்பி, 23ஆம் நாள் கூமுட்டைதானே என்று ஒன்றைக் கால்வாய் ஓரம் உடைத்தார். உள்ளே மஞ்சள் நிற மெல்லிறகு மூடிய குஞ்சு அசைந்துகொண்டிருந்தது.