மாதச் சந்தாவுக்கு இத்தனை பாட்டு என்று கோட்டா தரும் எம்பி3 தளத்தை விட்டு லேபிள்கள் (இசை வெளியீட்டு நிறுவனங்கள்) ஒவ்வொன்றாக விலகுகின்றன. மிச்சம் இருப்பதில் உருப்படியான ஆல்பங்களை எப்படித் தேடுவது?

உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்: மாதம் 40 டிராக் (தனித்தனிப் பாட்டு அல்லது இசைப் பகுதி), எடுக்காமல் மிஞ்சியது அடுத்த மாதத்துக்கு வராது, குறித்துவைத்த ஆல்பங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைகின்றன.

முதலில், கலைஞர் பெயரைப் போட்டுத் தேடுவதை விடுங்கள். லேபிள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். தளத்தின் ஒப்பந்தம் பாடகரோடு அல்ல, லேபிளோடோ விநியோகஸ்தரோடோதான். அதனால் சரக்கு குறையும்போது ஒரு ஆல்பம், இரண்டு ஆல்பம் என்று குறையாது, கொத்தாகப் போகும். இமியூசிக் இதற்கு நல்ல உதாரணம். 1998-ல் தொடங்கிய தளம். அளவில்லா டவுன்லோடை 2003-ல் நிறுத்திவிட்டு, மாதம் 9.99 டாலருக்கு 40 டிராக் என்ற கணக்குக்கு மாறியது. 2009-ல் சோனியின் பழைய சரக்கைச் சேர்த்தது. 2010 நவம்பரில் விலை முறையை மாற்றியபோது மெர்ஜ், டோமினோ லேபிள்களும், மேட்டடார் போன்ற லேபிள்களைக் கொண்ட பெக்கர்ஸ் குழுமமும் வெளியேறின. 2014-ல் பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு சுயாதீன லேபிள்களுக்கே திரும்பியது. ஒவ்வொரு முறையும் போனது முழு முழு லேபிள். ஆகவே உங்கள் தளத்தில் இன்னும் இருக்கும் நல்ல லேபிள்கள் பத்துப் பதினைந்தை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் பக்கத்தையும் கடைசி வரை புரட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் முகப்புப் பக்கத்தின் பரிந்துரைகளை விடப் பல மடங்கு பலன் தரும்.

'புதிய வரவு' பக்கத்தை நம்பாதீர்கள். நல்ல லேபிள்கள் போனபின் அந்த இடத்தை நிரப்புவது கரோக்கி, 'இன்னார் புகழ்பெறச் செய்த பாடல்கள்' வகை நகல்கள், தூங்குவதற்கான மழைச் சத்தம். தளத்தின் சொந்தத் தேடலும் பெரும்பாலும் மட்டம். கூகுளில் ஆங்கிலத்தில் 'site' என்ற சொல், முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் தள முகவரி, அதன்பின் லேபிள் பெயர் என்று கொடுத்துப் பாருங்கள். உள்தேடல் காட்டாத பக்கங்கள் வரும். பெயரின் எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஐரோப்பியப் பெயர்களில் எழுத்தின் மேலுள்ள குறிகளோடு ஒருமுறை, குறிகள் இல்லாமல் ஒருமுறை. கர்நாடக சங்கீதம் தேடுகிறவருக்கு இது இன்னும் பெரிய தலைவலி: சுப்புலட்சுமி என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக ஏற்றி வைத்திருப்பார்கள்.

அடுத்தது கோட்டா கணக்கு. தளம் டிராக்குக்குக் கணக்குப் பார்க்கிறதா, ஆல்பத்துக்கு விலை வைக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். டிராக் கணக்கு என்றால் நீளமான டிராக் உள்ள இசைதான் லாபம். மேற்கத்திய செவ்வியல் இசையில் புரூக்னர் சிம்பொனி ஒன்று நான்கே டிராக், பெரும்பாலும் ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேல். பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் 32 டிராக். அதை எடுத்தால் அந்த மாதக் கோட்டாவில் எட்டுதான் மிச்சம். ஷோப்பானின் 24 பிரெலூடும் சேர்ந்து 40 நிமிடம்தான், ஆனால் 24 டிராக். ராகம் தானம் பல்லவியை ஒரு லேபிள் ஒரே டிராக்காக விடும், இன்னொன்று ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று நான்காக வெட்டும். ஒரே பதிவு இரண்டு விநியோகஸ்தர் வழியாக வந்திருந்தால் வெட்டு வேறுபடலாம். இரண்டையும் திறந்து டிராக் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

ஒரு ஆல்பத்தில் எத்தனை டிராக் இருந்தாலும் இத்தனை கிரெடிட்தான் (கோட்டாவில் கழியும் எண்ணிக்கை) என்று உச்சவரம்பு வைத்த தளமென்றால் கணக்கு தலைகீழ். அப்போது கோல்ட்பெர்க்தான் மலிவு. பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட டிராக்கைத் தனியாகத் தராமல் 'ஆல்பமாக மட்டும்' என்று பூட்டி வைக்கும் தளங்களும் உண்டு. விதிப் பக்கத்தைப் படித்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

எதை முதலில் எடுப்பது? வேறெங்கும் கிடைக்காததை. ஒரு ஆல்பம் கண்ணில் பட்டதும் பேண்ட்கேம்ப், கோபஸ் என்ற இணைய இசைக் கடைகள், லேபிளின் சொந்தத் தளம் மூன்றிலும் பாருங்கள். அங்கே தரம் குறையாத ஃபிளாக் வடிவில் கிடைக்கிறதென்றால் இங்கே கோட்டாவைச் செலவழிப்பது வீண். நாட்டுப்புற இசைக்குப் பேர்போன ஃபோக்வேஸ் லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். மோசஸ் ஆஷ் 1948-ல் தொடங்கியது. 1987-ல் அமெரிக்க அருங்காட்சியக நிறுவனமான ஸ்மித்சோனியன் வாங்கியபோது அத்தனை ஆல்பங்களும் எப்போதும் கிடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் தளத்தில் அது இருந்தாலும் அவசரமில்லை. அதன் பழைய ஆல்பங்களின் குறிப்புப் புத்தகங்களை ஸ்மித்சோனியன் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மாறாக, இணையதளமே செத்துப்போன, 2005 வாக்கில் ஐந்தாறு ஆல்பம் போட்டு ஓய்ந்த சின்ன லேபிளைக் கண்டால் அன்றைக்கே எடுங்கள்.

1950-களின் ஜாஸ் தேடுகிறவர்கள் கவனிக்க: ஐரோப்பாவில் 1963-க்கு முன் வெளியான பதிவுகளுக்கு ஒலிப்பதிவு உரிமை காலாவதி. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். அதனால் 'எட்டு ஆல்பம் ஒரே தொகுப்பில்' வகையறா கொட்டிக் கிடக்கும். பல நேரம் மூல நாடா கிடையாது. பழைய எல்பி இசைத்தட்டை ஓட்டி, கீறல் சத்தத்தைச் சாஃப்ட்வேரில் வழித்து எடுத்தது, அதோடு டிரம்ஸில் உள்ள சிம்பல் தட்டுகளின் மினுமினுப்பும் போயிருக்கும். உரிமை ஆண்டு 2010-க்குப் பிறகு என்றும், மூல லேபிளின் பெயரே இல்லாமலும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பிரெஸ்டீஜ், ரிவர்சைட் என்ற ஜாஸ் லேபிள்களின் பதிவுகளுக்கு ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் என்ற முறையான மறுவெளியீட்டு வரிசை இருந்தால் அதையே எடுங்கள்.

பழைய பாப் பாட்டில் ஏமாற்று வேறு மாதிரி. அதே பாடகர், அதே பாட்டு, ஆனால் இருபது வருடம் கழித்து இன்னொரு கம்பெனிக்காகத் திரும்பப் பாடியது. டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இசைத் தகவல் தளங்கள் ஒன்றில் மூலப் பதிப்பின் நீளத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடி வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், அந்தக் காலத்து எல்பி லேபிளில் அச்சிட்ட நேரமே துல்லியமாக இருக்காது. 15 விநாடிக்கு மேல் வேறுபட்டால் 30 விநாடி மாதிரியைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

ஒரு லேபிளிலிருந்து நிறைய எடுப்பதற்கு முன் ஒரே ஒரு டிராக்கை இறக்கி, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். படம் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்து அறுத்தது போல நின்றால் அது பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் கோப்பு (கேபிபிஎஸ் என்பது ஒரு விநாடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு, குறைந்தால் தரமும் குறையும்). கோப்பு 320 கேபிபிஎஸ் என்று சொல்லிக்கொண்டு படம் இப்படி இருந்தால், மட்டமான பிரதியை மறுபடி சுற்றி விற்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் 1940, 50-களின் மோனோ பதிவுகளில் மேலே ஒன்றும் இல்லாததே இயல்பு, அவற்றை இந்தச் சோதனையால் தள்ளிவிடாதீர்கள். இட அளவுக்கு ஒரு கணக்கு: எம்பி3 கோப்பை உருவாக்கும் லேம் என்கோடர் மென்பொருளின் வி0 என்ற உயர் தரம் சராசரி 245 கேபிபிஎஸ், ஒரு மணி நேர இசைக்கு சுமார் 110 மெகாபைட். 320 என்றால் 144 மெகாபைட்.

கச்சேரிப் பதிவு, ஓபரா போன்ற இடைவெளியில்லாத ஆல்பங்களில் டிராக் மாறும்போது ஒரு சின்ன விக்கல் கேட்கும். எம்பி3 வடிவம் ஒலியை 1,152 சாம்பிள் (ஒலி அளவீடு) கொண்ட துண்டுகளாகத்தான் சேமிக்கும், கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் மௌனத்தை வைத்து நிரப்பும். லேம் அந்த அளவைக் கோப்பின் தலைப்பில் குறித்து வைக்கும். ஃபூபார்2000 மாதிரி பிளேயர்கள் அதைப் படித்து வெட்டிவிடும். அந்தக் குறிப்பே இல்லாத கோப்பென்றால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட ஆல்பத்தை சிடியாக வாங்குவதே மேல்.

விருப்பப் பட்டியலைத் தளத்துக்குள் வைக்காதீர்கள். லேபிள் போனால் அந்த வரியும் போய்விடும், எது போனது என்றுகூடத் தெரியாது. தனியாக ஒரு எக்செல் தாளில் கலைஞர், ஆல்பம், லேபிள், ஆண்டு, டிராக் எண்ணிக்கை, மொத்த நேரம் இவற்றை எழுதுங்கள். பார்கோடு எண் கிடைத்தால் அதையும். பின்னால் வேறு கடையில் அதே பதிப்பைப் பிடிக்க அதுதான் சுலபம்.

வாங்கியதை அன்றே இறக்கி, நேரத்தைச் சரிபார்த்து, இரண்டாவது டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். 'மறு டவுன்லோடு இலவசம்' என்ற வசதி, ஒப்பந்தம் முடிந்த ஆல்பத்துக்குப் பொருந்தாமல் போகலாம். தளமே மூடுவதும் நடக்கும்: ஃபிளிப்கார்ட்டின் ஃபிளைட் என்ற எம்பி3 கடை 2012 பிப்ரவரியில் திறந்தது, 2013 ஜூனில் மூடியது.

அந்தத் தாளில் கடைசியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள்: ஒற்றை டிராக் படைப்புகள். லிஸ்ட்டின் பி மைனர் சொனாட்டா சுமார் அரை மணி நேரம், சிபேலியஸின் ஏழாம் சிம்பொனி இருபது நிமிடத்துக்கு மேல்; இரண்டும் இடைவிடாத ஒரே பகுதி. லேபிள் துண்டு போடாமல் விட்டிருந்தால் ஒரு கிரெடிட்தான். மாதக் கடைசியில் இரண்டு மூன்று கிரெடிட் தொங்கும்போது, நல்ல ஆல்பம் ஒன்றைப் பாதியில் பிய்த்து எடுக்காமல் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.