சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு பிராதைத் திருத்த கோர்ட் அனுமதிக்குமா?

பெங்களூரு சிவில் கோர்ட்டில் மனைக்குத் தடையுத்தரவு மட்டும் கேட்டு வழக்குப் போட்டோம், பிரதிவாதி இப்போது மனையே எங்களுடையது இல்லை என்கிறார், உரிமை விளம்புகையையும் (மனை எங்களுடையதே என்று கோர்ட் அறிவிக்கக் கேட்பதையும்) பிராதில், அதாவது வழக்கு மனுவில், சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அப்பாவின் அல்சூர் மனை வழக்கில் நாங்கள் பிராதைத் திருத்தியிருக்கிறோம்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 6-ஆம் கட்டளை, 17-ஆம் விதிப்படி மனு போட வேண்டும். வழக்குக்குள் போடும் இந்த இடைக்கால மனுவை இங்கே எல்லோரும் ஐ.ஏ. என்பார்கள். 2002 ஜூலை முதல் அந்த விதியில் ஒரு நிபந்தனை உண்டு: விசாரணை தொடங்கிவிட்டால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே கேட்டிருக்க முடியவில்லை என்று கோர்ட்டுக்குத் தெளிவாக வேண்டும். குறுக்கு விசாரணை இன்னும் வரவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். முதல் விசாரணைக்கான பிரமாண வாக்குமூலத்தை (சாட்சி தன் சாட்சியத்தைச் சத்தியம் செய்து எழுதித் தருவதை) தாக்கல் செய்தாலே விசாரணை தொடங்கியதாகக் கொள்ள வேண்டும் என்று வித்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எங்கள் மனுவில் இரண்டு திருத்தங்கள். வழக்கு நடக்கும்போதே பக்கத்து மனைக்காரர் எங்கள் இடத்தில் சுவர் எழுப்பியிருந்தார். அதை இடிக்கச் சொல்லிக் கேட்டது ஒன்று. தேதியோடு போட்டோ இருந்ததால் அதில் சிக்கலே வரவில்லை. பிராதில் கிழக்கு எல்லையும் மேற்கு எல்லையும் மாறிப்போனது இன்னொன்று. கிரயப் பத்திரம் முதல் நாளிலிருந்தே உங்கள் கையில் இருக்கிறதே, ஏன் பார்க்கவில்லை என்று நீதிபதி கேட்டார். 'கவனக்குறைவால் நேர்ந்தது' என்று எங்கள் பிரமாண வாக்குமூலத்தில் எழுதியிருந்த வரியையே எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை (காஸ்ட்) கட்டித்தான் அனுமதி கிடைத்தது. அதனால், விஷயம் எப்போது தெரிந்தது, அதற்கு முன் ஏன் தெரியவில்லை என்பதைத் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். மற்ற பக்கங்களைவிட அந்த ஒரு பத்திதான் முக்கியம்.

உங்களுக்கு இன்னொரு அவசரமும் இருக்கிறது. விளம்புகை கேட்க, உரிமை முதலில் மறுக்கப்பட்டதிலிருந்து 3 வருடம்தான் காலவரம்பு. பிராதுக்குப் பதிலாகப் போட்ட எதிருரையில்தான் பிரதிவாதி முதன்முதலாக மறுத்தார் என்றால் அதன் தேதியை இன்றே பாருங்கள். மனை இப்போது அவர் வசம் போயிருந்தால் சுவாதீனமும் (மனையைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்வதும்) சேர்த்துக் கேளுங்கள். விளம்புகையை மட்டும் கேட்டால் சிறப்புத் தீர்வழிச் சட்டம் 34-ஆம் பிரிவு தடுக்கும். கோர்ட் கட்டணமும் கூடும், பணத்தைத் தயாராக வையுங்கள்.

அனுமதி கிடைத்தபின் கெடு எதுவும் உத்தரவில் இல்லையென்றால் 14 நாளுக்குள் பிராதைத் திருத்தியாக வேண்டும். நாங்கள் 12-ஆம் நாள்தான் விழித்தோம். அந்த இரண்டு நாளும் அப்பா தூங்கவில்லை. உத்தரவு வந்த அன்றே வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.