பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர்
வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டில் நர்ஸ் வேலை

பி.எஸ்சி. நர்சிங் முடித்து இரண்டரை வருடமாக ஐ.சி.யூ.வில் வேலை. துபாய்க்காக டேட்டாஃப்ளோ (சான்றிதழ் சரிபார்ப்பு) போடப்போகிறேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, மார்க் ஷீட்டிலும் டிகிரியிலும் வெறும் இனிஷியல்தான். நர்சிங் கவுன்சில் பதிவில் என் பெயரில் ஒரு ‘எச்’ கூடுதலாக விழுந்திருக்கிறது. பிரச்சினை வருமா?
– வாசகி, வள்ளியூர்

இனிஷியலால் பெரிதாக வராது, அந்த ‘எச்’சால் வரும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட விடமாட்டார்கள், விரித்துத்தான் எழுதவேண்டும். அதனால் தமிழ்நாட்டு நர்ஸ்கள் பலருடைய ஃபைலிலும் இந்த வித்தியாசம் உண்டு. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னால் ஒரு அஃபிடவிட் எழுதி எல்லாவற்றோடும் இணைத்துவிடுங்கள்.

எழுத்துப் பிழை அப்படியல்ல. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மூலமாக வைத்து, முதலில் கவுன்சில் பதிவைத் திருத்துங்கள். அதற்குப் பிறகுதான் குட் ஸ்டாண்டிங் சான்றிதழுக்கு (பதிவு செல்லும், புகார் இல்லை என்று கவுன்சில் தருவது) எழுத வேண்டும். வரிசை மாறினால் அந்தச் சான்றிதழும் தப்பான பெயரிலேயே போய்ச் சேரும். கவுன்சில் சென்னையில், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கிண்டியில். டிரான்ஸ்கிரிப்ட் (பாட, மதிப்பெண் விவரப் பட்டியல்) வேலையும் இருந்தால் இரண்டையும் ஒரே நெல்லை எக்ஸ்பிரஸ் பயணத்தில் முடிக்கப் பாருங்கள்.

பிழை பாஸ்போர்ட்டில் இருந்தால் கதை சுலபம். சான்றிதழ்களைத் தொடாமல் பாஸ்போர்ட்டை மாற்றிவிடலாம். திருநெல்வேலி சேவா கேந்திராவிலேயே 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் 3,500. நடுவில் கல்யாணம் நடந்தால், லைசென்ஸ் கைக்கு வரும்வரை கணவர் பெயரைச் சேர்க்காதீர்கள். லைசென்ஸுக்கான புரோமெட்ரிக் தேர்வு மையத்தில் பதிவுப் பெயரும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எங்களுக்குக் கவலை: அனுபவச் சான்றிதழ். டேட்டாஃப்ளோ ஒவ்வொரு காகிதத்தையும் அதைக் கொடுத்தவரிடமே திரும்பக் கேட்கும். சின்ன நர்சிங் ஹோமில் அந்த மின்னஞ்சலைத் திறக்க ஆளிருக்காது, லெட்டர்பேடில் உள்ள போன் செத்துப் போயிருக்கும், கையெழுத்துப் போட்ட மேனேஜர் வேறிடம் போயிருப்பார். பதில் வராவிட்டால் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்று அறிக்கை வரும். தகவல் பொய் என்று தெரிந்தால் ‘நெகட்டிவ்’. அது லைசென்ஸ் அதிகாரிகளின் கண்ணில் படும், அழிப்பது பெரும்பாடு. விண்ணப்பிக்கும் முன்பே எச்.ஆரில் நேரில் பேசி, பதில் சொல்லப்போவது யார், எந்த முகவரி என்று உறுதி செய்யுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர் மூன்றும் ரிலீவிங் ஆர்டரிலும் அனுபவச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கவுன்சில் பதிவுக்கு முன்னால் பார்த்த வேலையை அனுபவக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

என் மகளுக்கு குவைத்தில் வேலை என்று ஒரு ஏஜென்ட் நான்கு லட்சம் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போகலாம், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா?
– வாசகர், சங்கரன்கோவில்

வேண்டாம் அண்ணாச்சி. உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதையும் ரசீதோடு வாங்க வேண்டும்.

குவைத், சவுதி, எமிரேட்ஸ், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போகிறவர்களுக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயம். டிகிரி படித்தவர், ஈ.சி.என்.ஆர். (குடியேற்ற அனுமதி தேவையில்லாத) பாஸ்போர்ட் என்பதெல்லாம் இதில் செல்லாது. 2015-ல் இந்த விதி வந்ததற்குக் காரணமே குவைத் வேலைதான். அப்போது 19,500 ரூபாய் வாங்கவேண்டிய இடத்தில் ஆளுக்கு 19.5 லட்சம் வாங்கியதாக ஒரு ஏஜென்சி மீது கொச்சியில் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அதன் பிறகு நர்ஸ்களை எடுக்கும் பொறுப்பு அரசு நிறுவனங்களிடம் வந்தது. நமக்கு கிண்டியில் உள்ள ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன், கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸும் ஓடெபெக்கும்.

விசிட் விசாவில் ஏறினால் இந்த அனுமதி எதுவும் இருக்காது. சம்பளம் நின்றாலும், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாலும் கேட்க ஒப்பந்தம் இருக்காது. ஏஜென்டின் உரிம எண்ணைக் கேளுங்கள், மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் கேட்டதும் கோபப்பட்டால் வேறு சோதனையே வேண்டாம்.

இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வில் ஐ.இ.எல்.டி.எஸ். நல்லதா, ஓ.இ.டி. நல்லதா? அங்கே போனபின் செய்யும் ஆஸ்கி செய்முறைத் தேர்வில் எதில் தோற்கிறார்கள்?
– ஸ்டாஃப் நர்ஸ், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்

வார்டில் இருப்பவர்களுக்கு எங்கள் ஓட்டு ஓ.இ.டி.க்கு. கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் ‘பி’, எழுத்தில் ‘சி பிளஸ்’ போதும். ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மூன்றில் 7, எழுத்தில் 6.5. ஓ.இ.டி. எழுத்துத் தேர்வு 180 முதல் 200 சொல்லில் ஒரு கடிதம். கேஸ் நோட்ஸை அப்படியே இறக்கி வைப்பதுதான் பலருக்கும் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. கடிதத்தை வாங்குபவர் கம்யூனிட்டி நர்ஸ் என்றால், பத்து வருடம் முந்தைய அப்பெண்டிக்ஸ் அவருக்கு எதற்கு?

அடுத்தது சி.பி.டி., கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு. கணக்கில் 15, நர்சிங்கில் 100 கேள்வி, கட்டணம் 83 பவுண்டு. இதை இங்கிருந்தே எழுதலாம். ஆஸ்கிக்கு மட்டும் அங்கே போயாக வேண்டும். பத்து ஸ்டேஷன் (தனித்தனிச் சோதனைகள்), 794 பவுண்டு. பெரும்பாலும் மருத்துவமனையே கட்டும், ஆனால் ஆஃபர் லெட்டரில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதிலேயே தேடுங்கள்.

தோற்பது கை தெரியாமல் அல்ல, வாய் திறக்காமல். நம் வார்டில் படுக்கை எண்ணைப் பார்த்து மருந்து கொடுத்துப் பழகியிருப்போம். அங்கே நோயாளியின் பெயர், பிறந்த தேதி கேட்டு, கைப்பட்டையோடு ஒப்பிட்டு, அலர்ஜி கேட்டு, அதைக் குறித்த பிறகுதான் மாத்திரை. மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் போச்சு. சி.பி.ஆரில் 5–6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100–120 அழுத்தம், 30-க்கு 2 மூச்சு. ஏழு ஸ்டேஷன் வரை தவறினால் அவற்றை மட்டும் மறுபடி செய்யலாம், கட்டணம் பாதி. எட்டைத் தொட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு.

ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி1 நிலை போதும் என்கிறார்களே?
– வாசகி, அம்பாசமுத்திரம்

விமானம் ஏற பி1 போதுமானதாக இருக்கலாம். முழு நர்ஸாக அங்கீகாரம் வாங்க பொதுவாக பி2 கேட்பார்கள். அதுவரை உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம். இங்கிருக்கும்போதே பி2 முடித்துவிடுங்கள், அங்கே ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு இலக்கணம் படிப்பது சிரமம். கோத்தே ஜெர்மன் மொழித் தேர்வு சென்னையில் நடக்கிறது. நான்கு பகுதியில் ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம், ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் வேண்டும்.

ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு) முடித்திருக்கிறேன். இங்கிலாந்தில் கேர் வொர்க்கர் விசா என்று விளம்பரம் வருகிறதே?
– வாசகி, சுரண்டை

வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுக்கும் அந்த வழி 2025 ஜூலை 22 அன்றே மூடப்பட்டுவிட்டது. அந்த விளம்பரத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஏ.என்.எம்.மை வைத்து அங்கே நர்ஸாகப் பதியவும் முடியாது, மேலே ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) படிக்கச் சீட் கிடைக்குமா என்று பாருங்கள்.