அமெரிக்கத் தேர்தல் விதிகள் யார் கையில்? கேள்வி பதில்

கே: சார், அங்கே தேர்தல் விதியைப் போடுவது மத்திய அரசா, மாநிலமா?

எந்தத் தேர்தல் என்று முதலில் சொல்லுங்கள், அதைச் சொல்லாமல் கேட்டால் எந்தப் பதிலும் பாதி தப்பாகத்தான் இருக்கும். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தேர்தல் என்றால் நேரம், இடம், முறை மூன்றையும் மாநிலச் சட்டமன்றம் விதிக்கும். ஆனால் காங்கிரஸ் நினைத்தால் சட்டம் போட்டு அதை மாற்றலாம். மாநில அரசின் தலைவரான ஆளுநரையும் அங்கே மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தத் தேர்தலில் காங்கிரஸுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

கே: நம்ம தேர்தல் ஆணையம் மாதிரி ஒன்றும் இல்லையா?

இல்லை. பெடரல் எலெக்‌ஷன் கமிஷன் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது பிரசாரப் பணக் கணக்கை மட்டும் பார்க்கிறது.

கே: ஒரே நாளில் இரண்டு விதி எப்படி நடக்கும்?

அரிசோனாவைப் பாருங்கள். வாக்காளராகப் பதிய குடியுரிமைச் சான்று வேண்டும் என்று 2004இல் அந்த மாநிலம் விதி கொண்டுவந்தது. 1993ஆம் ஆண்டு மத்திய வாக்காளர் பதிவுச் சட்டத்தின் படிவத்திலோ உறுதிமொழிக் கையெழுத்து போதும். அந்தப் படிவத்தை ஏற்றே ஆகவேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி என்று மாநிலம் பட்டியலையே இரண்டாகப் பிரித்தது. சான்று தராமல் பதிந்தவருக்குக் கிடைக்கும் வாக்குச்சீட்டில் அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை மட்டும்தான். பக்கத்தில் நிற்பவர் சீட்டில் ஆளுநர் போட்டியும் இருக்கும்.

கே: காங்கிரஸே ஒரே சட்டமாகப் போட்டுவிட்டால் முடிந்ததே?

யார் கையில் காங்கிரஸ் என்று யோசித்தீர்களா? 2021இல் ஜனநாயகக் கட்சி நாடு முழுக்கத் தபால் வாக்கை எளிதாக்க ஒரு மசோதா கொண்டுவந்தபோது குடியரசுக் கட்சி மாநில உரிமை பேசியது. 2025இல் அதே குடியரசுக் கட்சிதான் நாடு முழுக்கக் குடியுரிமைச் சான்று கேட்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றியது.

கே: அப்போ மாநிலங்களிடமே விடச் சொல்கிறீர்களா? (மேலே கேட்டவன்தான்)

நான் அப்படிச் சொல்லவே இல்லை தம்பி. தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் கறுப்பினத்தவரை வாக்குரிமையிலிருந்து விலக்கி வைத்தது மாநில விதிகள்தான், 1965 மத்திய வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அது உடைந்தது. அந்தச் சட்டப்படி சில மாநிலங்கள் விதியை மாற்றுவதற்கு முன் மத்திய அனுமதி பெறவேண்டியிருந்தது. எந்தெந்த மாநிலம் என்று தீர்மானித்த பிரிவை 2013இல் நீதிமன்றம் ரத்து செய்த அன்றைக்கே, நிறுத்தி வைத்திருந்த புகைப்பட அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்துவோம் என்று டெக்சாஸ் அறிவித்தது. அடிப்படை உரிமைக்குக் குறைந்தபட்ச வரம்பைக் காங்கிரஸ் போடட்டும், சாவடி எங்கே, எத்தனை மணிவரை என்பதை உள்ளூர் பார்த்துக்கொள்ளட்டும். என் நிலைப்பாடு இதுதான்.

கே: அதிபர் உத்தரவு போட்டு மாற்றலாமா?

மறுபடியும் இதே கேள்வி. காங்கிரஸ் தேர்தல் விதியை யார் போடுவது என்று சொல்லும் அரசியலமைப்புப் பிரிவில் மாநிலச் சட்டமன்றமும் காங்கிரஸும்தான் இருக்கின்றன, அதிபர் இல்லை. மத்திய வாக்காளர் பதிவுப் படிவத்தில் குடியுரிமைச் சான்று கேட்கச் சொன்ன அதிபரின் 2025 மார்ச் உத்தரவை நீதிமன்றம் தடுத்தது.

கே: கிரீன் கார்டு இருக்கிறது, ஓட்டுப் போடலாமா?

மத்தியத் தேர்தலில் கூடவே கூடாது. டிரைவிங் லைசென்ஸ் படிவத்தில் வாக்காளர் பதிவுக் கட்டம் வரும், அவசரத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இங்கே கேட்காமல் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

கே: வாக்காளர் பதிவே இல்லாத மாநிலம் உண்டா?

வடக்கு டகோட்டா.